மணல் இடம் மாறிய தீவு

2005 அக்டோபர் 19. கரீபியக் கடலின் வடமேற்கில் சுழன்றுகொண்டிருந்த வில்மா புயலின் கண்ணுக்குள் அமெரிக்க ஆய்வு விமானம் ஒன்று புகுந்தது. அங்கே எடுத்த அளவுகளிலிருந்து தெரியவந்த மைய அழுத்தம் 882 மில்லிபார். அட்லாண்டிக் புயல்களில் இவ்வளவு தாழ்ந்த அழுத்தம் அதற்கு முன்பும் பதிவானதில்லை, பின்பும் பதிவாகவில்லை. 24 மணி நேரத்துக்குள் 97 மில்லிபார் இறங்கியிருந்தது. புயலின் கண் 4 கிலோமீட்டர் அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து, அந்தக் கண் மீண்டும் விரிந்து பெரிதாகி, கொசுமெல் தீவின் மேல் ஏறியது.

வில்மாவுக்கு முன்பு அந்தச் சாதனையை வைத்திருந்தது 1988ஆம் ஆண்டின் கில்பர்ட் புயல். அதன் அழுத்தம் 888 மில்லிபார். அதுவும் கொசுமெல் வழியாகத்தான் போனது. அட்லாண்டிக் கடல் அதுவரை கண்ட மிகக் கடுமையான இரண்டு புயல்கள், 17 ஆண்டு இடைவெளியில், ஒரே சிறு தீவைத் தேடி வந்தன. பவளத்திட்டுகளுக்குப் புயல் என்ன செய்கிறது, அதன் பிறகு அவை எப்படிப் பிழைக்கின்றன என்று அறிய விரும்புகிறவர்கள் இந்தத் தீவிலிருந்து தொடங்குவதே சரி.

கொசுமெல் மெக்சிகோவின் கின்டானா ரோ மாநிலத்தைச் சேர்ந்தது. யுகடான் கரையிலுள்ள பிளாயா டெல் கார்மெனிலிருந்து படகில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தட்டையான சுண்ணாம்புக்கல் தீவு. ஆறு கிடையாது, பெய்யும் மழை கல்லின் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். சேறு கடலுக்குப் போகாததால் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும், 30 மீட்டர் தள்ளி இருப்பதும் தெரியும். தென்மேற்குக் கரையை ஒட்டி பலான்கார், சான்டா ரோசா, கொலம்பியா என்று பவளச் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன. 1996இல் இவை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன.

இங்கே முக்குளிப்பது மற்ற இடங்களைப் போல அல்ல. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே வடக்கு நோக்கி ஓயாமல் நீரோட்டம் ஓடுகிறது. முதுகில் சிலிண்டரும் வாயில் ரெகுலேட்டருமாக இறங்கியவர் கையையும் காலையும் அடிக்கத் தேவையில்லை. மிதவைச் சட்டைக்குள் காற்றைக் கூட்டியும் குறைத்தும் உடலை ஒரே ஆழத்தில் நிறுத்திக்கொண்டால் போதும், நீரோட்டம் சுவரை ஒட்டி இழுத்துப் போகும். படகு நங்கூரம் போடாது. மேலே வரும் காற்றுக் குமிழ்களைப் பார்த்தபடி பின்னாலேயே வந்து, ஏறும் இடத்தில் ஏற்றிக்கொள்ளும்.

வில்மா இந்தத் தீவின் மேல் வந்தபோது அதன் வேகம் அறவே குறைந்துவிட்டது. சுழலும் வேகத்தைச் சொல்லவில்லை; நகரும் வேகத்தைச் சொல்கிறேன். கொசுமெலுக்கும் கான்கூனுக்கும் நடுவே ஒரு நாளுக்கும் மேலாக அது ஊர்ந்தது. கான்கூனுக்கு எதிரேயுள்ள இஸ்லா முஹேரெஸ் தீவில் 24 மணி நேரத்தில் 1,600 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. கான்கூன் கடற்கரையின் மணல் பெருமளவு கடலுக்குள் போய்விட, விடுதிகளின் வாசலில் பாறை தெரிந்தது. கொசுமெலின் கப்பல் துறைகள் உடைந்தன. கரையில் நடந்ததைப் படம் எடுக்க ஆட்கள் இருந்தார்கள். நீருக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

அலை போகும்போது நீர் அதனுடன் போவதில்லை. நீரின் ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே வட்டமிடுகிறது. ஆழம் கூடக்கூட அந்த வட்டம் சிறுத்துக்கொண்டே போகும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குப் போனால் மேற்பரப்பு அசைவில் 4 சதவீதம்தான் மிஞ்சும். சாதாரண நாளில் கரீபியக் கடலில் 5 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஏறத்தாழ 39 மீட்டர். ஆகவே 20 மீட்டர் ஆழத்திலிருக்கும் பவளத்துக்கு மேலே அலை அடிப்பதே தெரியாது. புயல் அலை 12 விநாடிக்கு ஒன்றாக வருவது. அதன் நீளம் 225 மீட்டர். அதே 20 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பு அசைவின் பாதிக்கும் மேல் இருக்கும். அலையின் உயரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஆழத்தில் நீர் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் பாய்கிறது. 6 விநாடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி கூடும். காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தி. இந்த உலுக்கலை ஒரு நாள் முழுக்க, ஆயிரக்கணக்கான முறை, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் உயிர் தாங்க வேண்டும்.

பவளத்தின் வடிவத்தைப் பொறுத்தே அதன் கதி. மான்கொம்பு போலக் கிளைத்த வகைகள் முதலில் முறிகின்றன. குவிமாடம் போல வளர்ந்தவை பெரும்பாலும் நிற்கும், அடிப்பகுதியைப் புழுக்கள் துளைத்திருந்தால் மட்டும் உருளும். பீப்பாய் அளவு கடற்பஞ்சுகள் வேரோடு பிடுங்கியதுபோலப் பெயர்ந்து போகும். அவற்றில் பெரியவற்றுக்கு 100 வயதுக்கு மேல் இருக்கும். கில்பர்ட் புயலுக்குப் பிறகு டக்ளஸ் ஃபென்னர் என்ற பவள ஆய்வாளர் கொசுமெலில் இறங்கிப் பார்த்தார். ஆழம் குறைந்த திட்டுகளில் அழிவு அதிகம், ஆழமான சுவர்களில் குறைவு. வில்மாவுக்குப் பிறகும் அதே ஒழுங்குதான் தெரிந்தது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்திலுள்ள பாரைசோ போன்ற திட்டுகள் நொறுங்கின. சுவர்களின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் தப்பியது.

உடைந்த கிளைகளைவிடக் கவனிக்க வேண்டியது மணல். புயல் மணலை வாரி எடுத்துப் பவளத்தின் மேல் எறிகிறது, மேல்தோலை உரித்துவிடுகிறது. பிறகு மணல் எங்காவது படிய வேண்டுமே! தாழ்ந்த திட்டுகள் சில அப்படியே புதைந்தன. வேறு சில இடங்களில் பல்லாண்டுகளாக நிறைந்திருந்த மணல் காலியாகி, சுவருக்கடியில் அதுவரை கண்ணில் படாத பொந்துகளும் வளைவுகளும் வெளிப்பட்டன. பழகிய வழிகாட்டிகளே தங்கள் கடலடியை மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

இந்த மாற்றம் யாரைப் பாதிக்கும் என்று கேட்டால் நான் முதலில் சொல்வது கொசுமெலின் தேரைமீனை. உலகில் ஏறத்தாழ இந்தத் தீவைச் சுற்றி மட்டுமே வாழும் மீன் இது. பவளத் திட்டின் அடி விளிம்பில், மணல் தரைக்கும் பாறைக் கூரைக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடுக்கில் வயிற்றை அழுத்திக்கொண்டு படுத்திருக்கும். தட்டைத் தலை முழுக்க வெள்ளையும் கருமையுமாக வரிகள். மோவாயில் தாடி தொங்கும். துடுப்புகளின் ஓரத்தில் மட்டும் பளிச்சென்ற மஞ்சள். விளக்கை அடித்தால் ஓடாது, அசையாமல் முறைக்கும். அதைக் காணும் முன்பே அதன் கட்டைக் குரல் உறுமலாகக் காதில் விழுவதுண்டு. இவ்வளவு அழகான ஓர் உயிரின் வீடு, மணல் எவ்வளவு உயரத்துக்குக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு முழம் ஏறினால் இடுக்கு மூடிவிடும். ஒரு முழம் இறங்கினால் கூரை உயர்ந்து, பெரிய மீன்கள் உள்ளே வரும். புயல் கழிந்தபின் இந்த மீன் தன் கடலடியில் புது இடுக்குத் தேடியாக வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கரீபியத்தில் வழக்கமான காற்று கிழக்கிலிருந்து வீசும். அதனால் தீவுகளின் மேற்குக் கரைதான் காற்றுக்கு ஒதுங்கிய அமைதியான கரை. துறைமுகமும் விடுதியும் முக்குளிப்புத் தளங்களும் அந்தப் பக்கமே இருக்கும். அங்குள்ள பவளங்களும் அமைதிக்குப் பழகி, மெல்லிய தட்டுகளாகவும் நீண்ட கிளைகளாகவும் கரைக்கு அருகிலேயே வளர்ந்துவிடுகின்றன. 1999 நவம்பரில் லென்னி என்ற புயல் எல்லாப் புயலுக்கும் எதிராக மேற்கிலிருந்து கிழக்கே போனது. வழக்கமாகப் புயல் பாதையில் வராத பொனேர், குராசாவ் தீவுகளுக்கு அது நேரே வரவே இல்லை, வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் போனது. அங்கிருந்து வந்த அலைகள் மட்டுமே அமைதிக் கரையின் ஆழமற்ற பவளங்களை நொறுக்கிவிட்டன. ஒரு திட்டுக்கு வரும் கேடு புயலின் வலிமையால் மட்டும் வருவதில்லை. அந்தத் திட்டு எதற்குப் பழகி வளர்ந்தது என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது.

அப்படியானால் புயல் பவளத்திட்டைக் கொல்கிறதா? கரீபியத் திட்டுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புயலோடுதான் வாழ்கின்றன. மான்கொம்புப் பவளம் முறிந்த கிளையிலிருந்தே மறுபடி வளரும். அதன் இனப்பெருக்கத்தில் பெரும்பகுதி இப்படி முறிந்து பரவுவதால் நடப்பது. ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர், சில வேளை அதற்கும் மேல் நீளும். குவிமாடப் பவளங்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் உயரும். ஒரு மீட்டர் உயரமுள்ளது உருண்டால் இழந்தது 100 ஆண்டு. பல குவிமாட வகைகள் ஆகஸ்ட், செப்டம்பர் முழுநிலவுக்குப் பிந்தைய சில இரவுகளில் தங்கள் முட்டைகளையும் விந்தையும் நீரில் விடுகின்றன. புயல் காலம் உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவையே. இவ்வளவு நெருக்கத்தில் இருந்தும் இந்த இனங்கள் அழியவில்லை. புயலுக்குப் பின் மீளும் வழியை அவை வைத்திருந்தன. அந்த வழி எப்போது அடைபடுகிறது என்பதை ஜமைக்கா காட்டிக்கொடுத்தது.

1980 ஆகஸ்ட் 6 அன்று ஆலன் புயல் ஜமைக்காவின் வடகரையைக் கடந்தது. டிஸ்கவரி பே என்ற இடத்தில் கடல் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்ததால், புயலுக்கு முன்னும் பின்னும் அந்தத் திட்டு எப்படி இருந்தது என்பது கணக்காகத் தெரியும். 12 மீட்டர் வரை எழுந்த அலைகள் மான்கொம்புக் காடுகளைத் தரைமட்டமாக்கின. உடைந்த துண்டுகளில் பல உயிரோடு கிடந்தன, ஆகவே திட்டு தழைத்துவிடும் என்றே எதிர்பார்த்தார்கள். கடல் உயிரியலாளர் நான்சி நோல்டனும் அவருடைய குழுவினரும் அந்தத் துண்டுகளை விடாமல் கவனித்தார்கள். அடுத்த மாதங்களில் செத்தவை, புயலே நேராகக் கொன்றதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். பவளத்தைத் தின்னும் நத்தைகளும் புழுக்களும் குறையவில்லை, தின்னக் கிடைத்த பவளம் மட்டும் குறைந்திருந்தது. எல்லாம் மிஞ்சிய துண்டுகளின் மேல் குவிந்தன.

அப்போதும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பவளம் செத்த இடத்தில் முதலில் பிடிப்பது பாசி. அது அடர்ந்துவிட்டால் பவளக் குஞ்சு ஒட்ட இடமிருக்காது. பாசியை மேய்பவை கிளிமீன்களும், நீண்ட கருமுள் கொண்ட டயடீமா என்ற கடல் முள்ளெலியும். ஜமைக்காவில் மீன்பிடி அதிகமாகி, பெரிய கிளிமீன்கள் அரிதாகிப் பல காலம் ஆகியிருந்தது. மேயும் வேலை முழுவதையும் முள்ளெலிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ஆலனுக்குப் பிறகு இளம் பவளங்கள் அங்கங்கே தலைகாட்டியது அவற்றின் தயவால்தான். 1983இல் பனாமா அருகே தொடங்கிய ஏதோ ஒரு நோய், ஓராண்டுக்குள் கரீபியம் முழுவதும் பரவி டயடீமாக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. மேய ஆளில்லை. பாசி ஏறியது. 1988இல் கொசுமெலுக்குப் போகும் வழியில் கில்பர்ட் ஜமைக்காவையும் அடித்துவிட்டுப் போனது.

பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தச் சரிவின் கணக்கு இருக்கிறது. 1977இல் ஜமைக்காவின் திட்டுகளில் ஏறத்தாழ 52 சதவீதப் பரப்பைப் பவளம் மூடியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 3 சதவீதம். அதே காலத்தில் பாசி 4 சதவீதத்திலிருந்து 92 சதவீதமானது. பவள அறிவியலில் இதைவிட வேதனையான எண்களை நான் படித்ததில்லை. இரண்டு புயல்களின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. கிளிமீன்களைப் பிடித்துத் தீர்த்த நாளிலேயே அந்தத் திட்டின் மீளும் வலு பறிபோயிருந்தது. அது புயல் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

இந்தப் பாடத்தைச் சில இடங்கள் படித்துக்கொண்டன. கிளிமீன் பிடிப்பதை பெலீஸ் 2009இலும் பொனேர் 2010இலும் தடைசெய்தன. டயடீமாவின் நிலை இன்னும் நெருக்கடிதான். 2022இல் மறுபடி ஒரு கொள்ளைச் சாவு வந்தது. இம்முறை காரணம் ஒரு செல் உயிரி என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள்.

புயல் உதவுவதும் உண்டு என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அது அளந்து காட்டப்பட்ட உண்மை. கடும் வெப்பத்தில் பவளம் தன் உடலுக்குள் இருக்கும் நுண்பாசிகளை இழந்து வெளிறுகிறது. புயல் கடலைக் கலக்கி, கீழிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. போன தடத்தில் நீர் சில டிகிரி குளிர்ந்து கிடக்கும். 2005 கோடையில் கரீபியம் கொதித்தது. ஃபுளோரிடாவின் திட்டுகளும் வெளிறின. ஆனால் அடுத்தடுத்துப் பக்கத்தில் போன புயல்கள் நீரைக் குளிர்வித்ததால் விரைவில் தேறின. அமெரிக்க வர்ஜின் தீவுகளை அந்த ஆண்டு எந்தப் புயலும் குளிர்விக்கவில்லை. அங்கே வெளிறலும் தொடர்ந்த நோயுமாகச் சேர்ந்து பவளத்தில் பாதிக்கும் மேல் போயிற்று. அலையால் உடைந்த பவளத்தைவிட வெப்பத்தால் செத்த பவளம் அதிகம் என்பதே இந்த நூற்றாண்டின் நிலைமை.

உடைந்ததைக் கையால் சரிசெய்ய முடியுமா? முடியும், நேரம் கைவிட்டுப் போகாமல் இருந்தால். மணலில் கிடக்கும் துண்டு ஒவ்வோர் அலைக்கும் புரண்டு தேய்ந்துகொண்டே இருக்கும். சில வாரத்துக்குள் ஒரு பிடிமானம் கிடைத்தாக வேண்டும். இதற்காக கின்டானா ரோ மாநிலம் ஓர் அரிய ஏற்பாடு செய்தது. 2019இல் தன் பவளத்திட்டுக்கே காப்பீடு எடுத்தது. சேதத்தை மதிப்பிட்டுக் கொண்டிருக்கத் தேவையிருக்கவில்லை. குறித்த எல்லைக்குள் காற்று 100 நாட் வேகத்தைத் தாண்டினால் பணம் வரும் என்பது அதன் விதியாக இருந்தது. 2020 அக்டோபரில் டெல்டா புயல் புவெர்டோ மொரேலோஸ் அருகே கரையேறியபோது 8 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. முன்பே பயிற்சி பெற்றிருந்த உள்ளூர்க் குழுக்கள் இறங்கின. கவிழ்ந்த குவிமாடங்களை நிமிர்த்தினார்கள். துண்டுகளைக் கூடையில் சேர்த்தார்கள். அவர்கள் செய்வதைக் கிட்டத்தில் பார்த்தால் கொத்தனார் வேலைதான். பாறையில் படிந்த பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கிறார்கள். படகில் குழைத்து இறக்கிய சிமென்ட்டை உள்ளங்கை அளவு அப்புகிறார்கள். துண்டின் செத்த நுனியை அதில் பதித்து, இறுகும்வரை விரலால் பிடித்தபடி காத்திருக்கிறார்கள். நீருக்குள், சிலிண்டரிலுள்ள காற்று தீரும் கணக்கோடு. இப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள்.

எல்லாத் தீவுக்கும் இது பொருந்தாது. 2017 செப்டம்பர் 18 அன்று மரியா புயல் தாக்கிய டொமினிக்கா எரிமலைத் தீவு. செங்குத்தான மலை, ஏராளமான ஆறுகள். மலைச் சரிவின் மண் ஆறுகள் வழியே கடலுக்கு வந்தது. அந்த நாட்டுக்கு நேர்ந்த சேதமும் இழப்பும் அதன் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட நேரத்தில் பவளத்தைப் பற்றிப் பேசும் முன் கூரையைப் பற்றிப் பேச வேண்டும்.

கொசுமெலின் பிற்காலக் கதையும் முழு மகிழ்ச்சியானதல்ல. 2018 இறுதியில் அங்கே பவளத் திசுவை நாள் கணக்கில் உரித்துத் தின்னும் நோய் வந்து சேர்ந்தது. புயலில் நின்ற குவிமாடங்களே அதற்கு அதிகம் பலியாயின. அடுத்த ஆண்டு அக்டோபரில் பூங்கா நிர்வாகம் தெற்குப் பகுதித் திட்டுகளைச் சில வாரங்களுக்கு மூடியது. வருமானம் போகிறதே என்று பலர் வருந்தினார்கள். மூடியது சரி என்பது என் கருத்து.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்வேன்: புயல் அடித்த தீவுக்கு முக்குளிக்கப் போகலாமா என்று தயங்க வேண்டாம், போகலாம். பவளத்திட்டைக் காட்டிப் பிழைக்கும் படகோட்டிக்கு அந்தத் திட்டு உயிரோடு இருக்க வேண்டும் என்ற தேவை இருக்கிறது. வருகிறவர்கள் நின்றுபோனால் அவருக்கு மிஞ்சுவது வலையும் தூண்டிலும்தான். அந்த வலையில் ஏறுவது கிளிமீன். மேயும் மீன் மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில் அதைப் பிடிக்கும் நெருக்கடி உருவாகக் கூடாது. பூங்கா நுழைவுக் கட்டணம் காவல் படகுக்கு எரிபொருளாகிறது.

ஆனால் கேட்டுவிட்டுப் போங்கள். தீவில் தண்ணீரும் மின்சாரமும் ஊர்க்காரர்களுக்குத் திரும்பிவிட்டதா? முக்குளிப்பில் உடலுக்குள் நைட்ரஜன் குமிழ் கட்டினால் ஏற்றிக் காப்பாற்றும் அழுத்த அறை இயங்குகிறதா? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? இவற்றுக்கு நேரான பதில் வராத வரை பயணச்சீட்டு எடுக்காதீர்கள். இறங்கிய பிறகு பார்வைத்தெளிவு பழைய படங்களில் கண்டதுபோல இருக்காது. நுண்மணல் பல வாரம் மிதக்கும். தரையிலிருந்து இரண்டு மீட்டர் மேலேயே இருங்கள். புதிதாக ஒட்டிய ஒரு துண்டை உங்கள் துடுப்பின் ஒரே வீச்சு பெயர்த்துவிடும். வெள்ளையாக உடைந்து கிடக்கும் கொம்புக்குப் பக்கத்தில் விரல்நுனி அளவில் பழுப்பாக ஏதேனும் முளைத்திருந்தால் தொடாமல் நின்று பாருங்கள். அந்த அளவுக்கு வளர அதற்கு ஓராண்டு ஆகியிருக்கும்.